மேல்வீட்டு அக்காவின் தாடையெலும்பு

அந்தக் குப்பி கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். உள்ளே இருந்த தூள் கல்லுப்பைப் போல வெள்ளையாகவும் கரடாகவும் இருந்தது. தாடை அறுவை மருத்துவர் அதை மேசையின் நடுவில் வைத்தார். இது மாட்டின் எலும்பு, கொழுப்பெல்லாம் நீக்கிச் சூடாக்கிச் சுத்தமாக்கியது, உங்கள் மேல்தாடையில் எலும்பு போன இடத்தை இதைக் கொண்டுதான் நிரப்பப் போகிறேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா குப்பியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாடோ?"

"ஓம் அக்கா. மாடு."

"அப்ப ஏலாது எண்டு சொல்லுங்கோ தம்பி."

அக்கா இங்கே ஜெர்மனியில் எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு மேல்தளத்தில் இருப்பவர். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். மாடிப்படியைக் கழுவும் முறை இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி வரும். பழக்கம் அப்படித் தொடங்கியது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. ஒரு நாள் காலை ஈரத் தரையில் வழுக்கி, உருக்கு மேசையின் விளிம்பில் முகம் அடிபட விழுந்தார். மேல் முன்பற்கள் இரண்டும் போயின. அவற்றைத் தாங்கியிருந்த எலும்பிலும் ஒரு துண்டு போயிற்று. வேலையிடத்து விபத்து என்பதால் செலவு காப்புறுதியின் பொறுப்பாயிற்று. கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் ஒன்று கொடுத்திருந்தார்கள். பேசும்போது அது வழுக்கும், இரண்டு தரம் சூப்புப் பானைக்குள் விழப் பார்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கலாம் என்றால் சமையலறையில் கையில் கையுறை இருக்கும். ஆகவே சிரிப்பதையே விட்டிருந்தார்.

தாடையில் திருகி நிறுத்தும் நிரந்தரப் பல்தான் தீர்வு. ஆனால் திருகாணி நிற்க எலும்பு வேண்டும். எலும்பு இல்லாத இடத்தில் முதலில் எலும்பை வளர்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குப்பி.

அக்காவுக்கு ஜெர்மன் தெரியும், சமையலறை ஜெர்மன். பானை, அடுப்பு, உப்பு, வேகமாக, மெதுவாக எல்லாம் சரளமாக வரும். மருத்துவரின் ஜெர்மன் வேறு. மகன் தொலைவில் வேறொரு நகரத்தில் இருக்கிறான், அழைத்தால் வருவான். அவர் அழைக்கவில்லை. "அவன் வந்தா எனக்குப் பதிலாத் தானே ஓம் எண்டு சொல்லிப்போடுவான். நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள். கூட்டாமக் குறைக்காமச் சொல்லுவியள்" என்றார். ஊரில் நான் ஒரு பத்திரிகையில் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன். அங்கே என் வேலையில் பாதி குறைப்பதுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மாட்டு எலும்பு ஏன் ஆகாது என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மகன் இந்த நாட்டில் குறைமாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனி மச்சமோ மாமிசமோ என் வாய்க்குள் போகாது என்று அக்கா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். இப்போது ஆறடி உயரம். அன்றுமுதல் அக்கா மீனோ முட்டையோ தொட்டதில்லை. தொட்டதில்லை என்று எழுதுவது சரியல்ல. வேலையில் அவர் நாள் முழுவதும் ஸ்னிட்சல் இறைச்சி பொரிக்கிறார், குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு கிண்டுகிறார். உப்புப் பார்ப்பது மட்டும் உடன் வேலை செய்யும் ஜெர்மன் பெண். அவர் கரண்டியை நக்கிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினால் உப்புச் சரி, விரலைப் பக்கவாட்டில் சரித்தால் இன்னும் கொஞ்சம். இருவரும் இதை வருடக்கணக்காகச் செய்துவருகிறார்கள். அந்த இல்லத்து முதியவர்கள் சாப்பாட்டைக் குறைசொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

மருத்துவர் குப்பியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். ஐம்பதை எட்டிய பெண், குட்டையாக வெட்டிய நரைமுடி. பேசும்போது மொழிபெயர்க்கும் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தே பேசுவார். இது அரிது. பெரும்பாலான அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளன் வந்ததும் உரியவர் நாற்காலியாகிவிடுவார். மருத்துவர் மற்ற வழிகளைச் சொன்னார். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த எலும்பு உண்டு. "ஆரோ செத்தவற்ற எலும்போ? சிவ சிவா, வேண்டாம்." செயற்கைத் தூள் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய குழிக்கு, அதுவும் முன்பக்கத்தில், தனியே அதை நம்பி வைக்கத் தனக்குத் துணிவில்லை என்று மருத்துவரே சொன்னார். "நீங்கள் யோசியுங்கள். நானும் யோசிக்கிறேன்" என்று அடுத்த டெர்மினுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த இடைவெளியில் அக்காவுக்கு எல்லோரும் விலக்குக் கொடுத்தார்கள். ஊன்ட்றொப் ஊரின் அம்மன் கோயிலுக்குப் போய்வரும் ஐயர் ஒருவர் தொலைபேசியில், மருந்துக்குத் தோஷமில்லை என்றார். மகன், "அம்மா, அது பவுடர். அதில உயிரும் இல்லை, ருசியும் இல்லை" என்றான். என் மனைவி எங்கள் குசினியில் அக்காவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே தொடங்கினாள்.

"எங்கட பங்குச் சுவாமியிட்டக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்தில அனுமதி தந்திருப்பார் அக்கா. தவக்காலத்திலயே நோய் வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கு."

"ஐயரும் தந்திட்டார். ஐயருக்கென்ன, அவருக்குப் பல்லு முழுக்க இருக்கு."

"நாள் முழுக்கப் பண்டி இறைச்சி பொரிக்கிறியள். இந்த ஒரு கரண்டித் தூளுக்கு இவ்வளவு நாட்டியமோ?"

"பொரிக்கிறது சம்பளத்துக்கு. இது வாய்க்குள்ள. விழுங்கினாலும் ஒருநாளில போயிடும், இது சாகுமட்டும் இருக்கும்." அக்கா தேநீரை ஊதிக் குடித்தார். "நான் கேட்டது பிள்ளையை. அது தந்தாச்சு. இப்ப நான் அனுமதி கேட்டுக்கொண்டு திரியிறதோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். அக்காவுக்குத் தேவைப்பட்டது இரண்டு பல்லும், சொன்ன சொல்லும். இரண்டும் ஒரே வாயில் இருக்க முடியுமா என்பது மருத்துவரின் கையில் இருந்தது.

அடுத்த முறை போனபோது மருத்துவர் வெற்றுத் தாளொன்றை எடுத்து வரையத் தொடங்கினார். தனக்குத் தலைகீழாக, எதிரில் இருக்கும் அக்காவுக்கு நேராகத் தெரியும்படி வரைந்தார். கோடு எங்கேயும் தடுமாறவில்லை. எத்தனை பேருக்கு வரைந்து பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன். கீழ்த்தாடையின் பின்புறம், கடைவாய்ப் பற்களுக்கு அப்பால், எலும்பு தடிப்பாக இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பது. அதை இரண்டு மெல்லிய தகடுகளாகப் பிளப்பது. மேல்தாடையில் குழி விழுந்த இடத்தில் தகட்டைச் சுவர் போல நிறுத்தி, மிகச் சிறிய திருகாணிகளால் இறுக்குவது. சுவருக்கும் பழைய எலும்புக்கும் இடையில் அவருடைய எலும்பையே சீவிப்போட்டு நிரப்புவது. பன்றித் தோலில் செய்த சவ்வொன்றை வழக்கமாக மேலே மூடுவார்கள், இந்த முறையில் அதுவும் தேவையில்லை.

"இதைவிட அது சுலபம்" என்று இழுப்பறையைக் காட்டினார் மருத்துவர். "உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். இதில் இரண்டு காயம். வீக்கம் அதிகம். கீழ்த்தாடையில் ஒரு நரம்பு ஓடுகிறது. நான் அதற்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும். உதடு கொஞ்சக் காலம் மரத்துப்போகலாம். அரிதாக, மரத்தபடியே இருந்தும் விடலாம்."

நான் எதையும் குறைக்காமல் சொன்னேன். அக்கா படத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"தைக்கிற நூல் என்ன நூலாம்?"

மருத்துவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். இந்த இடத்தில் சலித்துக்கொள்ளும் மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் உதவியாளரைக் கூப்பிட்டார். நூல் செயற்கை நூல். இரத்தத்தை நிறுத்த வைக்கும் பஞ்சு? உதவியாளர் பொதியின் பின்புறத்தைப் படித்து, பன்றி என்றார். அது வேண்டாம். நோய்க்கிருமிக்கான மருந்து? கூட்டுக்குள் அடைத்த குளிகை. கூடு எதனால் ஆனது என்று மருத்துவரே கேட்டார், மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது என்று தெரிந்ததும் கூடில்லாத மாத்திரைக்கு மாற்றினார். செய்தியொன்றை அச்சுக்கு அனுப்புமுன் நல்ல ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்பதைப் போல இருந்தது அது. இவ்வளவு கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை, ஏன் என்று. நான் பழகிய தொழிலில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

முதல் அறுவை நடக்கவில்லை. அதற்குக் காரணம் அக்காதான். ஊசி போட்டு இரண்டொரு நிமிடத்தில் முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை துளிர்த்து, தலை பக்கவாட்டில் சரிந்தது. நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினார்கள். இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"ஒண்டுமில்லை."

"நல்லாச் சாப்பிட்டிட்டு வரச் சொன்னவையெல்லோ? நானே ரெண்டு தரம் சொன்னனான்."

"வெள்ளிக்கிழமை தம்பி. நேற்று ராவும் சாப்பிடேல்ல. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகேக்க ஆராவது வயிறு முட்டத் திண்டிட்டுப் போவினமோ?"

இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இருந்தபடியே சொன்னேன். உதவியாளர் சிரிப்பை அடக்க முகமூடியைச் சரிசெய்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார், ஒரு வெட்டும் வெட்டாமல் அன்றைய வேலையை நிறுத்தினார், இனிப்புத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அறுவைக்கென்று ஒதுக்கிய காலை முழுவதும் அவருக்கு வீணாகியிருந்தது. கணினித் திரையில் நாட்காட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, "எந்தெந்தக் கிழமைகளில் நீங்கள் சாப்பிடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், நடுவில் ஒரு சதுர்த்தியும் வந்தது. எல்லாவற்றையும் தாண்டி ஒரு புதன்கிழமை கிடைத்தது. அன்று காலை என் மனைவி மேலே போய், அக்கா புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கிவந்தாள்.

எனக்கும் பச்சை அங்கியும் தொப்பியும் தந்து, அக்காவின் தோளருகே ஒரு முக்காலியில் இருத்தினார்கள். அவர் முகம் முழுவதும் துணியால் மூடியிருந்தது, வாய்க்கு மட்டும் ஓர் இடைவெளி. மருத்துவர் அதிகம் பேசவில்லை. எலும்பை வெட்டும் கருவி மெல்லிய கீச்சொலி எழுப்பியது. மருத்துவர் கையை நீட்டும்போது கருவி அதில் இருந்தது. அவர் வாய்திறந்து எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. வலது பக்கத்திலிருந்து எடுத்த துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, தந்தத்தின் நிறம். அதை இடுக்கியால் பிடித்து, நாணயத்தின் விளிம்பை அறுப்பதுபோலச் சிறு வட்டத் தகட்டால் பிளந்தார். ஒரு தகடு சுத்தமாக வந்தது. மற்றது பிளவின் முடிவில் மூன்றாக உடைந்தது.

மருத்துவர் உடைந்த துண்டுகளைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, வாய்க்குள் ஒரு தரம் அளந்து பார்த்தார். பிறகு கருவியைக் கீழே வைத்தார். துணிக்கு அடியில் இருந்த அக்காவிடம், என் வழியாக, நடந்ததைச் சொன்னார்.

"அக்கா, எடுத்த எலும்பு குழிக்குக் காணாதாம். ஒரு தகடு உடைஞ்சு போச்சு. இப்ப மூண்டு வழி இருக்காம். மாட்டுத் தூளோட கலந்தா இப்பவே முடிச்சிடலாம். இல்லாட்டி இந்தளவோட தைச்சுப்போட்டு, பிறகொருக்கா வாறது. இல்லாட்டி இடப்பக்கமும் வெட்டி எடுக்கிறது. கன நேரம் எடுக்கும், ரெண்டு கன்னமும் வீங்கும். அந்தப் பக்கத்திலயும் நரம்பு இருக்கு."

அக்காவின் கண்ணைத் துணி மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. அந்தத் தூளை ஒரு கரண்டி கலந்திருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு வாய்க்குள் சிவப்பைத் தவிர எதுவும் பிரிந்து தெரியவில்லை. இதை அங்கே நின்றவர்களில் மருத்துவரைத் தவிர வேறு யாரும் சோதித்திருக்க முடியாது. மருத்துவரோ கைகளை மார்புக்கு நேரே கோத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றார்.

துணிக்கு அடியிலிருந்து அக்காவின் கை மெதுவாக வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் துணியின் மேலே தடவித் தடவிப் போய், தன் இடது கன்னத்தை இரண்டு தரம் தட்டியது.

"நல்லது" என்றார் மருத்துவர். இன்னொரு ஊசி கேட்டார்.

மருத்துவர் அன்று மதியச் சாப்பாட்டை விட்டார் என்று பிறகு உதவியாளர் சொன்னார். நான் பார்த்தது அவருடைய கையை. இரண்டாவது பக்கத்தில் அவர் இன்னும் மெதுவாக வெட்டினார். தகடு பிளந்து வந்ததும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அதன் ஊடாக விளக்கு மங்கலாகத் தெரிந்தது. திருகாணி ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சற்று நீளம். கடைசித் தையல் முடிந்ததும் ஈறை விரலால் மெல்ல அழுத்தி, எங்கேயும் இழுவை இல்லை என்று பார்த்துவிட்டே நிமிர்ந்தார்.

மூன்றாம் நாள் அக்காவின் முகம் அடையாளம் தெரியவில்லை. கன்னம் இரண்டும் மஞ்சளும் நீலமுமாக இருந்தன. என் மனைவி கஞ்சி கொண்டுபோவாள், உப்புப் பார்க்கும் ஜெர்மன் பெண் ஒரு நாள் வேலை முடிந்து உருளைக்கிழங்கு சூப்போடு வந்தார். எலும்புச் சாறு சேர்க்கவில்லை என்று வாசலிலேயே நின்று சத்தியம் செய்தார். இடது பக்கக் கீழுதடு மரத்திருந்தது. தேநீர் வழிவது தெரியாமல் அக்கா பேசிக்கொண்டிருப்பார், மனைவி துடைத்துவிடுவாள். வீக்கம் வடிந்தது. மரப்பு வடியவில்லை. வாரங்கள் போயின. ஒவ்வொரு முறையும் மருத்துவர் பஞ்சின் நுனியால் தாடையைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். அக்கா பொய் சொல்ல மாட்டார். இல்லை என்று நான் மொழிபெயர்ப்பேன். மருத்துவர் தலையசைத்துவிட்டு, மரத்த இடத்தின் எல்லையைத் தாடையில் பேனாவால் கோடிட்டுப் படம் எடுத்துவைப்பார். ஒரு நாள் அந்தக் கோடு பழைய படத்தில் இருந்ததைவிட உள்ளே வந்திருந்தது, மரத்த இடம் சுருங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர் முதல்முறையாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா வேலைக்குத் திரும்பினார். பக்கத்துப் பற்களில் ஒட்டிய தற்காலிகப் பல்லோடு குளிர்காலம் கழிந்தது.

நான்கு மாதம் கழித்து அந்த இடத்தைத் திரும்பத் திறந்தார்கள். அக்காவின் தோளருகே அதே முக்காலி. பொருத்திய எலும்பு பிடித்திருக்கிறதா, கரைந்துபோயிருக்கிறதா என்பது திறந்தால்தான் உறுதியாகும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். கரைந்திருந்தால் எடுக்க இனி இடமில்லை. இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது இழுப்பறையில் உள்ள குப்பி, அல்லது வழுக்கும் பல். துணிக்கு வெளியே கிடந்த அக்காவின் கை, நாற்காலியின் பிடியை விரல் வெளுக்கப் பற்றியிருந்தது.

மருத்துவர் ஈறை விலக்கிவிட்டு, என்னை எழுந்து பார்க்கச் சொன்னார். தகடு எது, தாடை எது என்று பிரிக்க முடியவில்லை. திருகாணிகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி உருக்குக் கிண்ணத்தில் போட்டார். கழற்றிய துளைகளிலிருந்து இரத்தம் கசிந்தது.

"பாருங்கள், இரத்தம் வருகிறது" என்றார், குரல் சற்று உயர. "செத்த எலும்பில் இரத்தம் வராது. அவரிடம் சொல்லுங்கள்."

"அக்கா, எலும்பு பிடிச்சிட்டுது. ரத்தம் ஓடுதாம். உயிரோட இருக்காம்."

பிடியிலிருந்த விரல்கள் தளர்ந்தன.

அதே அமர்வில் பல்லுக்கான இரண்டு திருகாணிகளையும் அந்த எலும்பில் இறக்கினார். ஈறும் மெலிந்துபோயிருந்தது. அதற்கும் விலங்குச் சவ்வு உண்டு. அது பற்றிப் பேச்சே எழவில்லை. அண்ணத்தின் தோலுக்கு அடியிலிருந்து மெல்லிய சதைப் பட்டையொன்றை உருவி எடுத்து, முன்பக்க ஈறுக்கு உள்ளே செருகித் தைத்தார். பன்றிப் பஞ்சுக்குப் பதிலாக, அண்ணத்துக் காயத்தை மூட அக்காவின் வாய் அளவில் ஒளி ஊடுருவும் தகடொன்றை முன்கூட்டியே செய்வித்து வைத்திருந்தார். இரண்டு வாரம் உறைப்பில்லாத சோறு. அறுவை தனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, உறைப்பில்லாத சோறுதான் தண்டனை என்று அக்கா சொல்லித் திரிந்தார்.

நிரந்தரப் பற்களைப் பொருத்திய அன்று கண்ணாடியை அக்காவின் கையில் கொடுத்தார்கள். அவர் நெடுநேரம் பார்த்தார். உதவியாளர்கள் இருவரும் எட்டிப் பார்த்து, அழகு, அசல் பல்லே தோற்கும் என்றார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

"பல்லைச் சொல்லுகினம்" என்றார் அக்கா. மேலுதட்டை விரலால் தூக்கி, பல்லுக்கு மேலே இளஞ்சிவப்பாக வளைந்திருந்த ஈறு விளிம்பைக் கண்ணாடியில் காட்டினார். "பல்லு ஆரோ செய்து அனுப்பினது. முரசைப் பாருங்கோ தம்பி. அதுக்கு மேல எலும்பு. முழுக்க என்ர." பிறகு மருத்துவரைப் பார்த்தார். "அவவுக்குச் சொல்லுங்கோ. நான் ஏன் மாட்டேனெண்டனான் எண்டு அவ ஒருநாளும் கேக்கேல்ல. இப்ப சொல்லுங்கோ."

மகன் பிறந்ததையும் கண்ணாடிப் பெட்டியையும் அக்காவின் நேர்த்தியையும் நான் சொன்னேன். மருத்துவர் கையில் இருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று அக்காவிடமே கேட்டார்.

அக்கா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கையைத் தலைக்கு மேலே எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்திக் காட்டி, வாயைப் பொத்தாமல் சிரித்தார்.